பாட்டன் பேர்ல இருக்க லேண்ட்லைன், சேல்ஸ்மேன் தர்ற சிம் டப்பா: காசிமேடு கடைக்கு ஒரு பதில்

காசிமேட்டுல இருந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. பேர், கடை பேர் எதுவும் இங்க போடல. மீன்பிடி ஹார்பர் பக்கத்துல மூணு தலைமுறையா போட் இன்ஜின் ஸ்பேர்ஸ் கடை, கூடவே கயிறு, ப்ரொப்பல்லர், பம்பு, இன்ஜின் ஆயில் எல்லாம் உண்டு. கடையில நாலு லேண்ட்லைன், நாலுமே 044-க்கு அப்புறம் 25-ல ஆரம்பிக்கிற நம்பர். வெளி லைனை உள்ள இருக்க போன்களுக்கு பிரிச்சு விடுற ஒரு பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டி, அதுல இருந்து கவுன்ட்டர், கேஷ், மாடி ஆபீஸ், வீடுன்னு கனெக்‌ஷன் போகுது. மாதவரம் குடோனுக்கு தனியா ஒரு லைன். மழை வந்தா லைன்ல கொரகொரன்னு சத்தம், போன மழைக்கு ரெண்டு லைன் வாரக்கணக்குல செத்து கிடந்திருக்கு. விடியக்காலைல கரைக்கு வர்ற போட்டுக்காரங்க "இன்ஜின் இழுக்கல, சாமான் இருக்கா"ன்னு அடிக்கிற போன்தான் வியாபாரமே, அது எடுக்கலன்னா அடுத்த கடைக்கு போயிடுவாங்க.

அதனால எல்லாத்தையும் இன்டர்நெட் போனுக்கு மாத்திடலாம்னு இவங்க நெனைக்கிறாங்க. ஆனா வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நைனா, "இன்டர்நெட்ல போன் பேசுறது கேஸு, தெரிஞ்சவன் கடையில போலீஸ் வந்து மெஷினை தூக்கிட்டு போனாங்க"ன்னு ஒத்த கால்ல நிக்கிறாரு. லண்டன்ல இருக்க மச்சினர், அங்க செம்புக் கம்பியில வர்ற பழைய காப்பர் லைனையே மூடுறாங்க, இங்கயும் மூடிடுவாங்க சீக்கிரம் மாத்துங்கன்னு பயமுறுத்துறாரு. நடுவுல ஒரு சேல்ஸ்மேன் வந்து, நம்பரை மொபைல் மாதிரி போர்ட் பண்ணி தரேன், மீன்பிடி தடைக்காலத்துல கடை சும்மாதான இருக்கும் அப்போ மாத்திடலாம், இன்னும் ஒரு டப்பா தரேன், அதுல சிம் எல்லாம் நாங்களே போட்டுக்குறோம், கரண்டும் நெட்டும் மட்டும் நீங்க குடுங்க, போன் பில்லே வராது, மேல மாசாமாசம் வாடகையும் தரோம்னு சொல்லிட்டு போயிருக்காரு. "எதை நம்புறது அண்ணா"ன்னு கேக்குறாங்க.

அம்மா, முதல்ல அந்த டப்பா விஷயத்தை முடிச்சிடுவோம், மத்ததெல்லாம் மெதுவா பேசலாம்.

அந்த டப்பா கடைக்குள்ள வரவே கூடாது

அதுக்கு பேரு சிம் பாக்ஸ். எப்படி வேலை செய்யும்னா, துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ ஒருத்தர் ஊருக்கு பேசுற கால், முறைப்படி லைசென்ஸ் உள்ள கம்பெனி வழியா, அதுக்குண்டான கட்டணம் கட்டி உள்ள வரணும். இவங்க அதை இன்டர்நெட்ல உங்க கடை வரைக்கும் கொண்டாந்து, அந்த டப்பாவுல இருக்க சிம் வழியா லோக்கல் கால் மாதிரி வெளிய தள்ளுவாங்க. எடுக்குறவர் போன்ல வெளிநாட்டு நம்பர் தெரியாது, சாதாரண பத்து இலக்க நம்பர்தான் தெரியும். மிரட்டல் கால், பேங்க் மோசடி கால் எல்லாம் இப்படித்தான் உள்ள வருது. ட்ரேஸ் பண்ணா எங்க வந்து நிப்பாங்க? உங்க கடை வாசல்ல. கரண்ட் உங்களுது, நெட் கனெக்‌ஷன் உங்க பேர்ல, வாடகை வேற வாங்கியிருக்கீங்க, எனக்கு தெரியாதுன்னு சொன்னா யாரு நம்புவா.

2023 டெலிகம்யூனிகேஷன்ஸ் சட்டத்துல 42-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அனுமதி இல்லாம டெலிபோன் சேவை நடத்துனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 கோடி ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். மாச வாடகைக்கு ஆசைப்பட்டு மூணு தலைமுறை கடையை அடமானம் வைக்காதீங்க. நைனாவுக்கு தெரிஞ்சவர் கடையில தூக்கிட்டு போன மெஷினும் அநேகமா இதுவாத்தான் இருக்கும்.

ஒரு சின்ன வித்தியாசம் சொல்லிடுறேன். உங்க பேர்ல, உங்க ஆவணத்துல எடுத்த சிம்மை உங்க ஈபிஏபிஎக்ஸ்ல மாட்டி உங்க ஆளுங்களே பேசுறது வேற கதை. அடுத்தவன் காலை உங்க இடத்துல இருந்து மடைமாத்தி விடுறதுதான் கேஸு. டப்பா பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்.

நைனா சொல்றது பொய் இல்ல, பழசு

இன்டர்நெட் போன் நம்ம ஊர்ல 2002-ல இருந்தே உண்டு, ஆனா ரொம்ப நாளா அரைகுறை அனுமதிதான். கம்ப்யூட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு பேசலாம், வெளிநாட்டு போனுக்கு அடிக்கலாம், உள்ளூர் லேண்ட்லைனுக்கோ மொபைலுக்கோ இணைக்கக்கூடாது. அந்த காலத்துல அதை மீறி இணைச்சவங்க மேல ரெய்டு நடந்தது உண்மை, அந்த பயம்தான் நைனாவுக்கு இன்னும் இருக்கு. 2018-ல அதை மாத்திட்டாங்க, லைசென்ஸ் உள்ள டெலிபோன் கம்பெனி முறையான நம்பரோட இன்டர்நெட் வழியா சேவை தரலாம்னு வந்துடுச்சு. அதனால நீங்க பார்க்க வேண்டியது இன்டர்நெட்டா காப்பரான்னு இல்ல, தர்றவன்கிட்ட அனுமதி இருக்கா, பில்லு எந்த கம்பெனி பேர்ல வருது, ஜிஎஸ்டி போட்ட ரசீது தர்றானா, உங்ககிட்ட கேஒய்சி பேப்பர் கேக்குறானா. பேப்பரே கேக்காம கனெக்‌ஷன் தரேன்னு சொன்னா அங்கேயே டீ குடுத்து அனுப்பிடுங்க. டீ கூட வேணாம்.

மச்சினர் சொல்றதும் அவர் ஊருக்கு சரி. பிரிட்டன்ல பழைய டெலிபோன் நெட்வொர்க்கை மொத்தமா நிறுத்த தேதியே குறிச்சிருக்காங்க, முதல்ல 2025 டிசம்பர்னு சொல்லி அப்புறம் 2027 ஜனவரிக்கு தள்ளிட்டாங்க. அந்த தேதிக்கும் காசிமேட்டுக்கும் சம்பந்தம் இல்ல. இங்க காப்பர் தானா தேயுது. உப்புக்காத்துல ஜாயின்ட் பச்சை பூத்துடும், ரோடு தோண்டும்போது கேபிள் அறுந்துடும், சரி பண்ண ஆளும் குறைஞ்சுட்டாங்க. மாத்துறது நியாயம்தான், ஆனா அவசரப்பட்டு மாத்த வேண்டிய அவசியம் இல்ல.

நம்பர் யாரோடது?

உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப உறுத்துனது இந்த இடம்தான். "மொபைல் மாதிரி போர்ட் பண்ணிடலாம்ல"ன்னு சாதாரணமா எழுதியிருக்கீங்க. 2011 ஜனவரியில இருந்து நாடு முழுக்க நம்பர் மாத்தாம கம்பெனி மாறலாம்னு வந்தது மொபைலுக்கு மட்டும்தாம்மா. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்ல. 044-க்கு அடுத்த முதல் இலக்கமே கம்பெனியை சொல்லிடும், 2-ல ஆரம்பிச்சா பிஎஸ்என்எல், 4-ல ஆரம்பிச்சா ஏர்டெல். உங்க 25 நம்பரை இன்னொரு கம்பெனிக்கு தூக்கிட்டு போக முடியாது. சேல்ஸ்மேன் "போர்ட்"னு சொன்னது அநேகமா கால் ஃபார்வர்டா இருக்கும், அதாவது பழைய லைன் உயிரோட இருக்கணும், அதுக்கு வாடகை கட்டணும், அங்க வர்ற காலை புது நம்பருக்கு திருப்பி விடுவாங்க. மழையில லைன் செத்துடுச்சேன்னு பழைய லைனை சரண்டர் பண்ணா ஃபார்வர்டும் போச்சு, நம்பரும் போச்சு. போர்டு, பில் புக்கு, மீன் வண்டிக்காரன் காலண்டர் வரைக்கும் இருக்க நம்பர் அது.

ஆனா ஒரு நல்ல வழி இருக்கு. அதே கம்பெனிக்குள்ள காப்பர்ல இருந்து ஃபைபருக்கு மாறுனா அதே நம்பரை பெரும்பாலும் தக்க வெச்சுக்கலாம். சுவத்துல ஃபைபர் வந்து முடியுற ஓஎன்டின்னு ஒரு பெட்டி மாட்டுவாங்க, அதுல போன் குத்துற ஓட்டை ஒண்ணோ ரெண்டோ இருக்கும், அதுல இருந்து ஒயர் எடுத்து உங்க பழைய ஈபிஏபிஎக்ஸ்ல குடுத்துட்டா உள்ள எதுவும் மாறாது. கவுன்ட்டர்ல இருக்க பையனுக்கு மாத்துனதே தெரியாது. நாலு நம்பருக்கும் இதை செய்ய முடியுமா, உங்க தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கான்னு எக்ஸ்சேஞ்ச்ல நேர்ல போய் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்க.

இதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை நீங்க போற போக்குல எழுதிட்டு போயிட்டீங்க: மெயின் நம்பர் இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. தாத்தா காலமாகி ரொம்ப வருஷம் ஆச்சுங்கறீங்க. எந்த மாற்றத்துக்கு எழுதிக் குடுத்தாலும் கையெழுத்து யாருன்னு கேப்பாங்க, அங்க மாட்டிக்குவீங்க. இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்க ஆட்சேபனை இல்லன்னு எழுதிக் குடுக்குற கடிதம், இதையெல்லாம் வெச்சு முதல்ல பேரை நைனா பேருக்கோ கடை பேருக்கோ மாத்துங்க. ரெண்டு சித்தப்பா கையெழுத்தும் வேணும்னா இப்பவே பேசிடுங்க. பாகப்பிரிவினை பஞ்சாயத்து நடக்குற வீட்ல ஒரு டெலிபோன் நம்பருக்கு கூட கையெழுத்து போட மாட்டேன்னு நிக்கிறவங்களை பார்த்திருக்கேன். பேர் மாறுற வரைக்கும் வேற எதையும் தொடாதீங்க.

அப்போ இன்டர்நெட் போன் வேணாமா?

வேணும், ஆனா எல்லாத்துக்கும் வேணாம். உங்க கடைக்கு நான் பார்க்குறது இப்படி. மெயின் நம்பரும் இன்னொண்ணும் அதே கம்பெனி ஃபைபர்ல போகட்டும். மத்த ரெண்டு நம்பருக்கு யாராச்சும் நிஜமாவே அடிக்கிறாங்களான்னு ஒரு மாசம் கவனிங்க, நாலும் ஹண்டிங்ல, அதாவது ஒண்ணு பிஸியா இருந்தா அடுத்த லைனுக்கு கால் தானா தாவுற மாதிரி, இருக்குறதால எது தனியா அடிக்குதுன்னே உங்களுக்கு தெரியாம இருக்கலாம். தேவையில்லன்னா அதுக்கு பதிலா ஒரு லைசென்ஸ் கம்பெனிகிட்ட சிப் டிரங்க் எடுங்க, இல்ல சின்னதா கிளவுட் போன், ரெண்டுமே இன்டர்நெட் வழியா வர்ற போன் லைன்தான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா, சிப் டிரங்க்ல எக்ஸ்சேஞ்ச் வேலையை செய்ற பெட்டி உங்க கடையில இருக்கும், பராமரிப்பு உங்க தலையில. கிளவுட்ல பெட்டி அவங்ககிட்ட, ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் காசு. உங்க கடை சைஸுக்கு கிளவுட்தான் தொல்லை கம்மி. அதுல நிஜமான லாபம் கால் ரேட் இல்ல, மொபைல்ல அன்லிமிடெட் பேசுற காலத்துல கால் ரேட்ல யாரு மிச்சம் பிடிச்சா. மாதவரம் குடோன் பையனும், வெளிய சுத்துற சேல்ஸ் ஆளும் ஒரே எக்ஸ்டென்ஷன் மாதிரி ஆகிடுவாங்க, கவுன்ட்டர்ல எடுத்த காலை அப்படியே குடோனுக்கு தள்ளிவிடலாம். விடியக்காலை மூணு மணி கால் கடையில அடிச்சு யாரும் எடுக்கலன்னா தம்பி மொபைலுக்கு போகும், அவரும் எடுக்கலன்னா மிஸ்டு கால் யாருதுன்னு காலைல லிஸ்ட் இருக்கும். இந்த ஒண்ணுக்காகவே மாத்தலாம்.

ஒரு விஷயம் எழுத்துல வாங்குங்க: புது நம்பர் உங்க கடை பேர்ல இருக்கா, இல்ல விக்கிறவன் பேர்ல இருந்து உங்களுக்கு வாடகைக்கு விடுறானா. ரெண்டாவதுன்னா நாளைக்கு அவன்கூட சண்டை வந்தா நம்பர் அவனோடது. கோர்ட்டுக்கு போகலாம்னா, 2019 நுகர்வோர் சட்டத்துல வியாபாரத்துக்கு வாங்குன சேவைக்கு விலக்கு இருக்கு, சொந்த பிழைப்புக்கான சின்ன கடைன்னு வாதாடணும், அது இழுக்கும். ஒப்பந்தத்துலயே கேட்டு வாங்குறது லேசு.

நெட் விஷயத்துல நீங்க கவலைப்படுறது தப்பான இடத்துல. "100 எம்பிபிஎஸ் போதுமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஒரு காலுக்கு போக ஒரு 100 கேபிபிஎஸ், வர ஒரு 100 கேபிபிஎஸ்தான் ஆகும், ஒரே நேரத்துல அஞ்சு பேர் பேசுனாலும் அரை எம்பிபிஎஸ். பிரச்னை அளவுல இல்ல, சீரா போறதுல. தீபாவளி சமயத்துல நம்ம எம்.சி. ரோடு எவ்வளவு அகலமா இருந்தா என்ன, நடுவுல ஒரு லோடு வண்டி நின்னுட்டா சைக்கிள் கூட போகாதுல்ல, அந்த கதைதான். உங்க கடையில லோடு வண்டி யாருன்னா சிசிடிவி. எட்டு கேமராவும் அதே ரவுட்டர் வழியா நாள் முழுக்க வீடியோவை மேல அனுப்பிட்டே இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதுலதான் குரல் விட்டு விட்டு கேக்கும், நீங்க நெட் கம்பெனியை திட்டுவீங்க. ரவுட்டர்ல போனுக்கு முதல் உரிமை குடுக்கச் சொல்லுங்க, சிப் ஏஎல்ஜின்னு ஒரு செட்டிங் இருக்கும் அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஒரு பக்கம் கேக்குது ஒரு பக்கம் கேக்கலங்கிற புகார்ல பாதி அதுலதான் தீரும். கேபிள் இழுத்த போனா வையுங்க, வைஃபைல வேணாம், கடை பூரா இரும்பு ரேக்கு.

கரண்ட் போனா

பழைய காப்பர் லைன்ல உங்களுக்கு தெரியாமலே ஒரு சலுகை இருந்துச்சு. போனுக்கு தேவையான 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்தே லைன்ல வந்துடும், தெருவே இருட்டா இருந்தாலும் நேரா லைன்ல குத்துன போன் பேசும். ஃபைபர்ல அது கிடையாது, கண்ணாடி இழையில கரண்ட் வராது. ஓஎன்டி, ரவுட்டர், ஈபிஏபிஎக்ஸ் மூணுக்கும் நீங்கதான் தீனி போடணும். பயப்படாதீங்க, எல்லாம் சேர்ந்து 60 வாட்ஸ் சுமாருக்குதான் வரும், வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில இருந்து இது மட்டும் ஓடுனா அரை நாளுக்கு மேலயே தாங்கும். அதுல ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் சேர்த்து மாட்டாதீங்க.

பெட்டிங்க எல்லாத்தையும் நெஞ்சு உயரத்துக்கு மேல மாட்டுங்க. இப்போ உங்க ஈபிஏபிஎக்ஸ் கேஷ் டேபிளுக்கு அடியில இருக்குன்னு எழுதியிருக்கீங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம்ல தண்ணி எங்க நின்னுச்சுன்னு உங்க சுவத்துல கோடே இருக்கும் பாருங்க. அந்த புயல்ல பல ஏரியாவுல நாள்கணக்குல கரண்ட் இல்ல, மொபைல் டவரும் படுத்துடுச்சு. அதனால ரெண்டு வேற கம்பெனி சிம் கடையில இருக்கட்டும், நெட் போனா கால் தானா அங்க போற மாதிரி கிளவுட்ல செட் பண்ணிடலாம்.

அவசர போன் பத்தி ஒரு வார்த்தை. டீசல், ஆயில் எல்லாம் வெச்சிருக்க கடை. தீ, ஆம்புலன்ஸ்னா மொபைல்ல 112 அடிங்கன்னு கவுன்ட்டர்ல எழுதி ஒட்டிடுங்க. குடோன்ல இருந்து இன்டர்நெட் போனோட மொபைல் ஆப் வழியா அடிக்கிற கால், நம்பர் எந்த விலாசத்துல பதிவாகியிருக்கோ அந்த இடம்னு காட்ட வாய்ப்பிருக்கு, வண்டி மாதவரத்துக்கு பதிலா காசிமேட்டுக்கு வந்து நிக்கும்.

திருட்டும் தேதியும்

இன்டர்நெட் போன்ல திருடன் கடைக்கு வர வேண்டியதில்ல. எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101-னு வெச்சிருந்தா, சனிக்கிழமை ராத்திரி எங்கேயோ இருந்து உள்ள புகுந்து விடிய விடிய வெளிநாட்டு நம்பருக்கு அடிப்பாங்க, திங்கக்கிழமை பில்லு வரும்போது தலை சுத்தும். ஐஎஸ்டியை, அதாவது வெளிநாட்டு காலை, மொத்தமா மூடச் சொல்லுங்க, ஜப்பான் பார்ட்டிகிட்ட நீங்க வாட்ஸ்அப்லதான பேசுறீங்க. மாச செலவுக்கு ஒரு உச்சவரம்பும் போடச் சொல்லுங்க. கால் ரெக்கார்டிங் வேணும்னா ஆரம்பத்துலயே "பதிவு செய்யப்படுது"ன்னு குரல் வரட்டும்.

எப்போ மாத்துறது? ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல போட்டு கடலுக்கு போகாது, அது சரி, ஆனா அப்போதான மொத்த போட்டும் கரையேறி இன்ஜினை பிரிப்பாங்க, உங்களுக்கு அதுதான சீசன். சேல்ஸ்மேனுக்கு தெரியாம இருக்கலாம், நீங்க எப்படி தலையாட்டுனீங்க? அக்டோபர் வந்தா மழை. ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான நேரம், அதுக்குள்ள பேர் மாத்துற வேலையும் முடிஞ்சிருக்கும். ஒரே நாள்ல எல்லாம் மாத்தாதீங்க, முதல்ல குடோன், அப்புறம் கடையில ஒரு நம்பர், கடைசியா மெயின் நம்பர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முழு பில் மாசம் ஓடட்டும், விடியக்காலையும் சாயங்காலமும் மொபைல்ல இருந்து நீங்களே அடிச்சு பாருங்க.

வாட்ஸ்அப் பிசினஸுக்கு தனி சிம் வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம், உங்க 25 நம்பர்லயே போடலாம், ஓடிபியை மெசேஜா இல்லாம குரல் காலா கேளுங்க, போன் அடிச்சு சொல்லும். அந்த நேரத்துல மட்டும் "இன்னதுக்கு ஒண்ணை அழுத்தவும்" சமாச்சாரம் ஓடக்கூடாது, ஓடுனா மெஷினும் மெஷினும் பேசிட்டு இருக்கும், லைனை நேரா ஒரு போன்ல குத்தி நீங்களே எடுங்க. போட்டுக்காரங்க உடைஞ்ச பார்ட்டை போட்டோ எடுத்து அதே நம்பருக்கு அனுப்பலாம்.

ஃபேக்ஸ் மெஷினுக்கு என்ன பண்றதுன்னு கடைசியா கேட்டிருக்கீங்க. இன்டர்நெட் லைன்ல அது பாதி பக்கத்துல நிக்கும், அதுக்குன்னு தனி செட்டிங் போட்டாலும் நம்ப முடியாது. கடைசியா அதுல எப்போ பேப்பர் வந்துச்சுன்னு பாருங்க, ஞாபகம் இல்லன்னா எடைக்கு போட்டுடுங்க.